ரோபோ கையுறை சொன்னபடி கேட்காதபோது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் மடங்கியே கிடக்கும் ஒருவருக்கு, விரல்களை மடக்கி நிமிர்த்திப் பயிற்சி தரும் ரோபோ கையுறையை மாட்டி, பொத்தானை அழுத்துகிறோம். நான்கு விரல்கள் அசைகின்றன. ஆள்காட்டி விரல் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானோர் அழுத்தத்தை ஒரு படி கூட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உணர்ச்சி குறைந்த கை தனக்கு வலிப்பதை நமக்குச் சொல்லாது. அந்த விரல் ஏன் அசையவில்லை என்று தெரியும் வரை அழுத்தம் இருந்த அளவிலேயே இருக்கட்டும்.

பழுது கருவியில் இருக்கலாம், கையில் இருக்கலாம். எங்கே என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை போதும். கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்து, காலியாக ஓட்டுங்கள். அங்கேயே ஒரு விரல் தடுமாறினால் கோளாறு கருவியில்தான். காலியாக நன்றாக ஓடினால், நலமான கை உள்ள வேறொருவர் அதைப் போட்டுக்கொண்டு, கையைத் தளர்வாக விட்டு ஓட்டிப் பார்க்கட்டும். மேசையில் ஓடி, நலமான கையில் திணறினால் கருவியின் பலம் குறைந்திருக்கிறது: சிறு கசிவோ, தேய்ந்த பம்போ இருக்கும். இரண்டிலும் நன்றாக ஓடி, நோயாளியின் கையில் மட்டும் திணறினால் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது அந்தக் கையை.

கீழே சொல்வதில் பெரும்பகுதி காற்றால் இயங்கும் கையுறைக்குப் பொருந்தும். விரல்களின் முதுகுப்புறத்தில் துருத்தி போல மடிப்பு மடிப்பான குழாய் ஓடுமே, அந்த வகை. பம்ப் காற்றை உள்ளே தள்ளினால் துருத்தி நீண்டு விரலை மடக்கும். காற்றை உறிஞ்சினால் துருத்தி சுருங்கி விரலை நிமிர்த்தும். இந்த இரண்டு திசைகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். தண்ணீரால் இயங்குபவையும் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட கையுறை அப்படிப்பட்டது. அவற்றில் கசிவு ஈரமாகக் கண்ணில் படும். காற்றுக் கசிவைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எதுவுமே நடக்கவில்லை

அடாப்டர், பிளக், சார்ஜ். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பழைய அடாப்டருக்குப் பதிலாக வேறு எதையாவது செருகியிருந்தால், அதன் வோல்ட் அளவு கருவியின் அடியில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா, ஆம்பியர் அதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பியர் போதாவிட்டால் விளக்கு எரியும், திரை ஒளிரும், பம்ப் கிளம்பும் நொடியில் எல்லாம் அணைந்து மறுபடி தொடங்கும்.

ஒரு விரல் மட்டும் அசையவில்லை

டியூபை, பம்ப் இருக்கும் பெட்டியிலிருந்து விரல்நுனி வரை கையால் தடவிக்கொண்டே வாருங்கள். மடங்கி நசுங்கியிருக்கலாம், நாற்காலிக் காலுக்கு அடியில் சிக்கியிருக்கலாம், வெல்க்ரோ பட்டை இறுக்கிப் பிடித்திருக்கலாம். சரி, அப்படி எதுவும் இல்லையா? பெட்டியில் அந்த விரலின் டியூபையும் பக்கத்து விரலின் டியூபையும் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு இப்போது பக்கத்து விரலுக்குத் தாவினால், பெட்டிக்குள் இருக்கும் வால்வில் குறை. அதே விரலே முரண்டு பிடித்தால் டியூபிலோ துருத்தியிலோ ஓட்டை.

சில கருவிகளில் ஐந்து டியூபும் ஒரே கொத்தாக ஒரே இணைப்பியில் வரும்; தனித்தனியாக மாற்ற முடியாது. அப்போது ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சு கைகொடுக்கும். துருத்திக்குப் போகும் டியூபில் சிரிஞ்சை இறுகச் செருகி, காற்றை மெதுவாகத் தள்ளி, சில நொடி பிடித்திருந்து, கட்டைவிரலை எடுங்கள். பிஸ்டன் தானாகப் பின்னால் வந்தால் துருத்தி காற்றைத் தாங்குகிறது. தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டால் காற்று எங்கோ போய்விட்டது. எனக்கு இந்தச் சோதனைமேல் தனி நம்பிக்கை உண்டு. மின்சாரம் வேண்டாம், பிழைச் செய்திக்கு அர்த்தம் தேட வேண்டாம், கைக்கே தெரிந்துவிடும்.

ஓட்டை எங்கே என்று பார்க்க, துருத்தியின்மேல் சோப்பு நீரைத் தடவிக் காற்றை ஏற்றுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. மடிப்பின் பள்ளங்களையும் டியூப் துருத்தியோடு சேரும் கழுத்தையும் முதலில் பாருங்கள். வளைந்து வளைந்து அங்கேதான் பொருள் சோர்ந்துபோகும். வேகமாக ஒட்டும் பசை போட்டு அடைக்கலாமே என்று தோன்றும். அந்தப் பசை காய்ந்ததும் கல்லாகிவிடும். வளையும் இடத்தில் கல் ஒட்டினால் ஓரத்தில் புதிதாக வெடிக்கும். மடிப்பில் ஓட்டை விழுந்த துருத்தியை மாற்றுவதே முறை. டியூபின் முனை தளர்ந்திருந்தால் மட்டும் நுனியை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட்டு மறுபடி செருகலாம்.

எல்லா விரல்களும் மந்தமாகிவிட்டன

ஐந்தும் சேர்ந்து சோர்ந்தால் ஐந்துக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள்: பம்ப், வடிகட்டி, பெட்டியில் செருகும் பெரிய இணைப்பி. இணைப்பியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது கழற்றி மாட்டும்போது எங்கோ விழுந்திருக்கும். காற்று உள்ளே போகும் துளையில் தூசும் பஞ்சும் அடைத்திருந்தால் பம்ப் வழக்கத்தைவிட அதிகமாக உறுமும், காற்று குறைவாக வரும். டியூபுக்குள் நீர்த்துளிகள் தெரிந்தால், இணைப்பியைக் கழற்றித் தொங்கவிட்டு உலர வையுங்கள். ஈரக் காற்றை அழுத்திக் குளிரவிட்டால் நீர் கோர்ப்பது இயல்பு. அது வால்வுக்குள் போனால்தான் தொல்லை.

மடங்குகிறது, ஆனால் நிமிரவில்லை

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கருவியின் பக்கம் ஒரு உண்மை. காற்றைத் தள்ளும் பலத்தைப் பம்பைப் பெரிதாக்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். உறிஞ்சும் பலத்துக்கோ இயற்கையே வரம்பு வைத்திருக்கிறது. கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல்; அதற்குமேல் எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது, சிறிய பம்ப் அதையும் எட்டாது. ஆக, இந்த வகைக் கையுறை நிமிர்த்துவதில் இயல்பிலேயே பலவீனமானது. பக்கவாதம் வந்த கையோ பெரும்பாலும் மடங்கும் பக்கம்தான் இறுகியிருக்கும். கருவியின் பலவீனமும் கையின் இறுக்கமும் ஒரே திசையில் வந்து மோதுகின்றன. சிறு கசிவுகூட முதலில் இங்கேதான் வெளிப்படும். அதனால் மேலே சொன்ன சிரிஞ்சு சோதனையை இழுக்கும் திசையிலும் செய்யுங்கள்: பிஸ்டனை வெளியே இழுத்துப் பிடித்து, பிறகு கையை விட்டால் அது உள்ளே திரும்ப வேண்டும்.

கருவி நன்றாக இருக்கிறது என்று உறுதியானால் கைக்கு வாருங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, அவருடைய மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்கி, விரல்களை மிக மெதுவாக நீங்களே திறந்துபாருங்கள். விரலை மடக்கும் தசைகள் முன்கையில் தொடங்கி மணிக்கட்டைத் தாண்டி வருகின்றன. மணிக்கட்டு மடங்கினால், அந்தத் தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்கள் தளரும், விரல்கள் எளிதாகத் திறக்கும். மணிக்கட்டு பின்னால் நிமிர்ந்தால் நாண்கள் இழுபடும், விரல்கள் தாமாகச் சுருளும். நலமான உங்கள் கையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

இப்போது என்ன தெரிகிறது?

மெதுவாகத் திறந்தால் திறக்கிறது, வேகமாகத் திறந்தால் நடுவில் பிடித்துக்கொள்கிறது என்றால் அது தசை இறுக்கம், அதாவது ஸ்பாஸ்டிசிட்டி. இழுக்கும் வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடுவது அதன் அடையாளம். இந்தக் கைக்கு அழுத்தத்தைக் கூட்டக் கூடாது, வேகத்தைக் குறைக்க வேண்டும். நிமிர்ந்த நிலையில் நிறுத்தி வைக்கும் நேரத்தை நீட்டுங்கள். தொடங்கும்போது மணிக்கட்டு கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். விரல்கள் பழகியதும், அப்புறம் மணிக்கட்டைச் சிறிது சிறிதாக நேராக்கலாம்.

மணிக்கட்டு மடங்கியிருக்கையில் திறக்கிறது, நேராக்கினால் எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் திறக்கவில்லை என்றால் தசையும் நாணும் நீளம் குறைந்துவிட்டன. மணிக்கட்டு மடங்கியிருந்தும் விரல் திறக்கவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கலாம். இந்த இரண்டையும் கையுறையால் வம்படியாகச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்து, கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் வேண்டுமா, தசையைத் தளர்த்தும் ஊசி வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டிய விஷயம். இறுக்கத்தை அவர்கள் திருத்திய ஆஷ்வர்த் அளவுகோலில் 0, 1, 1+, 2, 3, 4 என்று குறிப்பார்கள். எண் ஏற ஏற இறுக்கமும் அதிகம். 3 அல்லது 4 என்று எழுதியிருந்தால் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் கையுறையைப் போடவே வேண்டாம்.

நேற்று வரை அழகாகத் திறந்த கை இன்று திறக்கவில்லை, கருவியிலும் குறையில்லை என்றால்? உடம்பின் மற்ற இடங்களைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், குளிர், சரியாகத் தூங்காத இரவு என எதுவும் தசை இறுக்கத்தைக் கூட்டிவிடும். கை முறையிடுவது காலில் உள்ள வலியைப் பற்றியதாகக்கூட இருக்கலாம்.

தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். ஊசிக்கு முன்பு பொருத்தமாக இருந்த அழுத்தம், தசை தளர்ந்தபின் அதிகமாகிவிடும். மருந்தின் பலம் குறையும்போது மறுபடி போதாமல் போகும். ஊசிக்குப் பிறகு எல்லா அளவுகளையும் அடியிலிருந்து மறுபடி அமைக்கச் சொல்லுங்கள்.

விரல் மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல் வேறு இடத்தில் வளைகிறது

துருத்தியின் நீளமும் விரலின் நீளமும் ஒத்துப்போகவில்லை. கையுறை பெரிதாக இருந்தால் நுனிக்கணு மட்டும் சுருண்டு, அடிக்கணு அசையாமல் நிற்கும். உறிஞ்சும்போது நடுக்கணு பின்பக்கமாக வில் போல வளைந்தால் உடனே நிறுத்துங்கள். தளர்ந்த மூட்டின் தசைநாரை அது இழுத்து நீட்டிவிடும். விரல்நுனி கையுறையின் நுனிவரை போயிருக்கிறதா, துருத்தி விரலின் நடுமுதுகில் இருக்கிறதா, பக்கவாட்டில் சரிந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி போடுங்கள். அப்போதும் அப்படியே வளைந்தால் அளவு தவறு. ஒரு எண் சிறிய கையுறைதான் தீர்வு, பட்டையை இறுக்குவது தீர்வாகாது.

இறுகிய கைக்குக் கையுறை போடும் வரிசை முக்கியம். மணிக்கட்டை மடக்கி, விரல்களைத் தளரவிட்டு, கட்டைவிரலை முதலில் நுழையுங்கள். சுண்டுவிரல் பக்கத்திலிருந்து தொடங்கினால் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். அப்புறம் அதை வெளியே இழுக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும்.

கட்டைவிரல் ஒழுங்காக அசைவதில்லை

மற்ற நான்கும் கீல் வைத்த கதவு போல ஒரே தளத்தில் மடங்கும். கட்டைவிரல் தன் அடிமூட்டில் சுழன்று, மற்ற விரல்களின் எதிரே வந்து நிற்கும். ஒற்றைத் துருத்தி அந்தச் சுழற்சியைத் தராது, மடக்கி நிமிர்த்த மட்டுமே செய்யும். எனவே பல கையுறைகளில் கட்டைவிரல் ஆள்காட்டிக்கு எதிரே வராமல் அதன் பக்கவாட்டில் போய் இடிக்கும். இது பழுதில்லை, வடிவமைப்பின் எல்லை. கட்டைவிரலின் அடியை விரித்துப் பிடிக்கும் மென்மையான ஸ்ப்ளின்ட் ஒன்றைக் கையுறைக்கு உள்ளே போட முடியுமா என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

தோல் சிவக்கிறது, கை வீங்குகிறது, வலிக்கிறது

நிறுத்துங்கள், கழற்றுங்கள். காரணம் தேடுவது அதற்குப் பிறகு.

கழற்றியதும் தோலைப் பாருங்கள். பட்டை பட்ட இடத்தில் இலேசான சிவப்பு சில நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. அரை மணி நேரம் கழித்தும் மறையவில்லை என்றால் அந்த இடம் அளவுக்கு மீறி அழுந்தியிருக்கிறது. கருத்த சருமத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கையுறை போட்டிருக்கும்போதே இதைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கை முழுதும் வீங்கி, தோல் பளபளத்து, சூடோ நிறமோ வியர்வையோ மாறி, தொட்டாலே தாங்க முடியாத வலி என்றால் அது பக்கவாதத்துக்குப் பிறகு வரக்கூடிய வேறொரு வலி நோயாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை கையுறை பெட்டியிலேயே இருக்கட்டும். வலி தோளில் என்றால் டியூபின் கனத்தையும் கை தொங்குவதையும் பாருங்கள். பக்கவாதம் வந்த தோள் எளிதில் கீழிறங்கும். முன்கை முழுதும் மேசைமேலோ தலையணைமேலோ படுத்திருக்க வேண்டும்.

முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் 6ஆம் எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர் என்றால், பயிற்சி நடுவே திடீரென்று தலை வெடிப்பது போல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால் அது அவசரநிலை. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கலாம். கையுறையைக் கழற்றி, நிமிர்த்தி உட்காரவைத்து, உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்.

முறிந்த எலும்பு இன்னும் சேராத கைக்கும், நாண் தைத்து ஆறாத கைக்கும் அறுவை செய்தவரின் அனுமதி இல்லாமல் இதைப் போடக் கூடாது.

நல்ல கை அசைகிறது, மற்ற கை பின்பற்றவில்லை

நல்ல கையில் ஒரு சென்சார் கையுறை, அதன் அசைவை மறுகைக் கையுறை நகலெடுக்கும் முறை இது. உறுப்பிழந்தோர் இல்லாத உறுப்பில் உணரும் வலிக்கு, நல்ல கையின் பிம்பம் இழந்த கை போலத் தெரியுமாறு 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் நிலைக்கண்ணாடியைப் பயன்படுத்தினார். பின்னர் அது பக்கவாதத்துக்கும் வந்தது. கையுறையின் கண்ணாடி முறை அதன் தொடர்ச்சிதான். பின்பற்றவில்லை என்றால், சென்சார் பட்டை விரல் பையிலிருந்து நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மறு அளவீடு: கையை முழுதாக விரித்து, முழுதாக மூடிக் காட்ட வேண்டும். அரைகுறையாக மூடினால் கருவி அந்த அரையை முழுசு என்று எடுத்துக்கொள்ளும். மறுகை சற்றுப் பின்தங்கி வருவது கோளாறில்லை. துருத்தியில் காற்று நிரம்ப நேரம் வேண்டும். நல்ல கையின் வேகத்தைக் குறையுங்கள். பயிற்சி செய்பவரின் கண் பாதிக்கப்பட்ட கைமேல் இருக்கட்டும்.

தசை மின்குறியால் இயங்குவது: நினைப்பதற்கு எதிராகச் செய்கிறது

தசை முயலும்போது எழும் சிறு மின்குறியைத் தோலில் ஒட்டிய மின்முனைகள் படித்து, அதன்படி கையுறையை இயக்கும் முறை இது. திறக்க முயன்றால் மூடுகிறது என்பார்கள். மின்முனைகள் இடம் மாறி ஒட்டியிருக்கலாம்: விரலை நிமிர்த்தும் தசை முன்கையின் முதுகுப்புறத்திலும், மடக்கும் தசை உள்புறத்திலும் இருக்கிறது. இடம் சரியென்றால் காரணம் நோயிலேயே இருக்கலாம். திறக்க முயலும்போதே மடக்கும் தசையும் சேர்ந்து இறுகுவது பக்கவாதத்தில் பரவலாகக் காணப்படுவது. கருவி வலுவான குறியைக் கேட்டு மூடிவிடுகிறது. அதிகமாக முயலச் சொல்லாதீர்கள். குறைவாக, மென்மையாக முயலச் சொல்லுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே முழுத் தளர்வு வேண்டும்.

குறி தாறுமாறாகத் துள்ளினால் தோலைத் துடைத்து உலரவிட்டு மின்முனையைப் புதிதாக ஒட்டுங்கள். பக்கத்தில் செருகியிருக்கும் சார்ஜரை எடுத்துவிடுங்கள். மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே நுழையும். தொடக்கத்தில் நன்றாக இருந்து போகப் போகக் கேட்காமல் போனால் தசை களைத்துவிட்டது. ஓய்வு கொடுங்கள்.

கம்பி இழுக்கும் கையுறை

இதில் மோட்டார், உறைக்குள் ஓடும் கம்பியை இழுத்து விரலை மடக்கும். விரல் பாதிதான் மடங்குகிறது என்றால் கம்பி தளர்ந்திருக்கும், அல்லது உறை அதிகமாக வளைந்திருக்கும். உறைக்குள் கம்பியின் உராய்வு வளைவின் கோணத்தோடு பெருக்கல் கணக்கில் ஏறும். ஒரு சுற்று சுற்றிவிட்டால் மோட்டாரின் பலத்தில் பெரும்பகுதி உறையிலேயே கரைந்துவிடும். முடிந்த அளவு நேராக ஓடவிடுங்கள். கம்பி நுனியில் இழைகள் பிரிந்து தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். திறக்கவே இல்லை என்று பதறுமுன் கருவியின் நோக்கத்தைப் பாருங்கள்: சுவீடனின் பயோசர்வோ நிறுவனம் செய்யும் கார்பன்ஹேண்ட் போன்றவை பிடிப்பை வலுப்படுத்தவே உருவானவை, கையைத் திறந்துவிடாது.

எல்லாம் சரியாக ஓடுகிறது, கைதான் தேறவில்லை

திரையில் எந்தப் பிழையும் காட்டாத பிழை இது. டிவி பார்த்துக்கொண்டே, கையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் மூட்டு அசையும், இறுக்கம் கொஞ்சம் குறையும். மூளை அந்த அசைவைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்காது. கருவி கிளம்பும் முன் மூன்று நொடி "திற" என்று அவரே முயல வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முயற்சிக்குப் பிறகுதான் பொத்தான். உதவியின் அளவை மாற்றக்கூடிய கருவி என்றால், விரல் தானாகக் கொஞ்சம் அசையத் தொடங்கியதும் உதவியைக் குறையுங்கள்.

கையுறையைக் கழற்றியதும் அதே இடத்தில் ஒரு துண்டையோ டம்ளரையோ அந்தக் கையால் பிடித்து விடச் சொல்லுங்கள். கையுறை தளர்த்திக் கொடுத்த அந்தச் சில நிமிடங்கள் வீணாகக் கூடாது. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், கருவி இல்லாமல் விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். சில வாரம் கடந்தும் எண் மாறவில்லை என்றால் அந்த நோட்டோடு சிகிச்சையாளரைப் பாருங்கள். எந்த அழுத்தத்தில், எந்த வேகத்தில், அவர் தானாக முயன்று எத்தனை முறை செய்தார் என்பதும் அதில் இருந்தால், அடுத்து எதை மாற்றுவது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.